உலக அளவில் ஏழாம் இடம்!

போன ஞாயிறு காலை, சேலையூர் கேம்ப் ரோட்டுக்குப் பால் வாங்கப் போனேன். டீக்கடையை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு ஒரு ஃபிளெக்ஸ் பேனர். ‘உலகப் பாட்டுப் போட்டியில் ஏழாம் இடம்! இந்தியாவுக்குப் பெருமை சேர்த்த நமது நகர் நலச் சங்கத்துக்கு வாழ்த்துகள்!’ சங்கத் தலைவர் ஆளுயரத்துக்குக் கும்பிடுகிறார். அந்தப் பக்கம் செயலாளர். நடுவில்... கண்ணாடி போட்டுக்கொண்டு நான்!

“இன்னா சார், பேனர்ல எல்லாம் கீறீங்க!” என்றார் டீக்கடைக்காரர். “மொத்தம் எத்தினி நாடு வந்துச்சு?”

“ஏழு.”

டீ ஆற்றிய கை நின்றுவிட்டது. “அப்ப கடைசின்னு சொல்லு சார்!”

வெளிநாட்டுத் தமிழர்கள் சிலர் ஆன்லைனில் வருடா வருடம் நடத்தும் போட்டி இது. நாட்டுக்கு ஒரு பாட்டு. மார்க்கும் நாடுகளே ஒன்றுக்கொன்று போட்டுக்கொள்ளும். சொந்தமாக எழுதிய புதுப் பாட்டாக இருக்க வேண்டும். நடத்துபவர்களில் ஒருவர் எங்கள் செயலாளரின் மைத்துனர். ஆகவே, இந்தியா என்றால் எங்கள் நகர்தான்! செம்பாக்கம் ஏரியைத் தாண்டினால் இந்தியாவுக்கே இந்த விஷயம் தெரியாது.

நான்கு வருடமாக இந்தியா பாடுகிறது. நான்கு வருடமும் கடைசி. முதல் வருடம் தலைவரின் மகன் பாடினார்—மியூசிக் சத்தத்தில் குரலே கேட்கவில்லை. அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது மறுவருடம் குரல் கேட்டபோதுதான் புரிந்தது. மூன்றாம் வருடப் பாட்டு, தலைவர் நகருக்கு வாங்கித் தந்த தெருவிளக்குகளைப் பற்றியது.

“கவனிச்சீங்களா சார்? பத்து, ஒன்பது, எட்டு... வருஷா வருஷம் முன்னேறிக்கிட்டே இருக்கோம்” என்றார் செயலாளர். வருடா வருடம் ஒரு நாடு கழன்றுகொள்கிறது. அதைச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார். “நமக்கு நாமே மார்க் போட்டுக்கக் கூடாதுன்னு ரூல் சார். அதான் நம்ம மைனஸ்!” ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இந்த வருடம்தான் உருப்படியாக ஒருவர் கிடைத்தார். கலா. செம்பாக்கத்தில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருப்பவர். மெஷினில் உட்கார்ந்தபடியே எழுதி, மெட்டுப் போட்ட பாட்டு. அவருடைய அக்கா கல்யாணமாகி மலேசியா போய் எட்டு வருடமாகிறது. நேரில் பார்க்கவே முடியவில்லை. “அக்காவைப் பத்தி சரணத்துலதான் சார் வருது. குடும்பத்தோட உக்காந்து பாக்கப்போறா” என்றார். ஒத்திகையில் அந்தச் சரணத்தைக் கேட்டேன். இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்டேன்.

சங்க ஹாலில் வீடியோ எடுத்தார்கள். நம் ஆட்கள் எடுத்த எடுப்பில் பாடிவிடுவார்களா? குத்துவிளக்கு ஏற்றினார்கள். தலைவர் வரவேற்றார். தலைவருக்குப் பொன்னாடை. பிறகு, சங்க ஆலோசகர் என்ற முறையில் எனக்குப் பொன்னாடை. “ரெண்டே வார்த்தை...” என்று நானும் மைக்கைப் பிடித்தேன். ஒரு வழியாகக் கலா பாடினார். சரணம் முடிந்ததும் ஹாலே கைதட்டியது.

போட்டி நாள். ஹாலில் திரை கட்டிப் பார்த்தோம். விளக்கு, வரவேற்பு, பொன்னாடைகள், நான்... அப்புறம் கலாவின் பல்லவி. சரணத்துக்கு அவர் வாயைத் திறந்தார். திரையில் அடுத்த நாடு வந்துவிட்டது.

ஒரு நாட்டுக்கு மொத்தமே ஐந்து நிமிடமாம்!

“பாட்டுக்கு மட்டும் அஞ்சு நிமிஷம்னு நினைச்சேன் சார்” என்றார் செயலாளர். முன்னாலேயே வெட்டியிருக்கலாமே என்றேன். அதிர்ந்துபோனார். “தலைவர் பேச்சை எப்படி சார் கட் பண்றது?”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பாட வந்தவருக்குப் பாட நேரமில்லை. பொன்னாடைக்கு மட்டும் நேரம் இருக்கிறதா? என்ன ஜென்மங்கள் இவர்கள்!

இதெல்லாம் நினைவுக்கு வர, பேனரில் கலாவைத் தேடினேன். கீழே, ஓரத்தில், ஸ்டாம்ப் சைஸில் இருந்தார். மனசு கேட்காமல் அப்படியே செம்பாக்கத்துக்கு வண்டியை விட்டேன். கலா தைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா பார்த்தாங்களாம்மா?”

“பாத்தா சார்.” மெஷின் நிற்கவில்லை. “‘கண்ணாடி போட்ட ஒருத்தர் ரொம்ப நேரம் பேசிக்கிட்டே இருந்தாரே, யாருடி அவரு?’ன்னு கேட்டா.”

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைக் கையில் வாட்ச்சோடு பார்த்தேன். என்னுடைய ‘ரெண்டே வார்த்தை’, சரியாக ஒன்றரை நிமிடம். கலாவுக்கு போன் செய்து சரணம் எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

“ஒரு நிமிஷம்தான் சார்.”