மூடி திறந்திருந்தால் ஓடாது

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அதனால்தான் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் அந்தச் சின்னக் கடையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். தொழிற்சாலைகளுக்கு இன்வெர்ட்டர் பொருத்திக் கொடுக்கிற கடை. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பினாங்கில் எந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் ஒரு மூலையில் அது உறுமிக்கொண்டிருக்கும். மோட்டார் சைக்கிளில் போவேன், மாட்டுவேன், ஓட்டிக் காட்டுவேன், கிளம்பிவிடுவேன். நின்று நிதானமாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடலைத் தாண்டி அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. மாவை அழுத்தித் தகடாக்க அங்கே இரண்டு பெரிய ரோலர்கள் உண்டு. மாவு ஒட்டிக்கொள்ளும். தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, முழங்கை வரை உள்ளே விட்டுச் சுரண்டுவது ஓர் அக்காவின் வேலை. கையை விடுவதற்கு முன் "தாங்ஙான்!" என்று கத்துவார். மலாயில் கை என்று அர்த்தம். இருபது அடி தள்ளி, ஸ்டார்ட் பொத்தானுக்குப் பக்கத்தில் நிற்கிற மலாய்க்கார அம்மா உடனே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொள்வார். அக்கா முடித்துவிட்டேன் என்று சொல்லும்வரை இறக்கமாட்டார். எத்தனையோ வருஷமாக இப்படித்தானாம். போலீஸ் பிடித்த மாதிரி இதென்ன கூத்து என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மூடி திறந்திருந்தால் ரோலர் ஓடவே கூடாது, அதற்கு வழி செய்யுங்கள் என்றார் மேனேஜர். இன்வெர்ட்டரில் கம்பி மாட்டும் இடங்கள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. அதற்கென்றே ஒரு எக்ஸ்பான்ஷன் கார்டு உண்டு. உள்ளங்கை அளவு. இன்வெர்ட்டரின் முன்பக்கத்தைக் கழற்றி உள்ளே செருகினால், புதிதாகச் சில கம்பிகள் உள்ளே வரலாம், சில வெளியே போகலாம். மூடியில் ஒரு சுவிட்ச் வைத்து அதன் கம்பியைக் கார்டுக்குக் கொண்டுவந்தேன். கார்டிலிருந்து இன்னொரு கம்பியை மேலே ஒரு சிவப்பு விளக்குக்குக் கொண்டுபோனேன். மூடி திறந்தால் விளக்கு எரியும், மோட்டார் கிளம்பாது. கம்பியை மாட்டிவிட்டால் மட்டும் போதாது. எந்தக் கம்பிக்கு என்ன வேலை என்று இன்வெர்ட்டருக்குள் எண்களாகப் பதிய வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால், கம்பி என்ன சொன்னாலும் அது காதில் போட்டுக்கொள்ளாது.

பதிந்தேன். எல்லாரையும் கூப்பிட்டு, மூடியைத் திறந்து வைத்துப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். சிவப்பு விளக்கு எரிந்தது, ரோலர் அசையவில்லை. பெருமையென்றால் அப்படியொரு பெருமை எனக்கு.

"இனிமே இந்தக் கத்தல், கைதூக்கல் ஒண்ணும் வேணாம்க்கா. கார்டு பாத்துக்கும்."

"நெசமாவா தம்பி?"

"நான்தானே மாட்டினேன்? நம்பிக்கை இல்லையா?" சற்றுக் கோபமாகவே கேட்டேன். அக்கா அன்றோடு கத்துவதை விட்டுவிட்டார்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. இன்வெர்ட்டர் ஏதாவது கோளாறு காட்டி நின்றுவிட்டால் யாரும் காரணம் தேடமாட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் ஃபிட்டர் வந்து, பதிந்த எண்கள் எல்லாவற்றையும் அழித்து, பெட்டி புதிதாக வந்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோவார். பிறகு பேனல் கதவின் உள்ளே ஒட்டிவைத்த தாளைப் பார்த்து எட்டு எண்களைத் தட்டுவார். மெஷின் ஓடும். எல்லா வியாதிக்கும் ஒரே மருந்தா என்று அவரை நான் கிண்டல் செய்ததுண்டு. ஆக, அந்தத் தாளைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். கார்டுக்குரிய புது எண்களை அதில் எழுதத்தான் போனேன். எண்ணெய்ப் பிசுக்கில் பேனா ஏறவில்லை. இரண்டு தரம் கீறிப் பார்த்தேன், எரிச்சல் வந்தது, சட்டைப்பையிலிருந்த என் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. காலை பத்தரை இருக்கும். கடைக்கு ஃபோன். அந்த ஃபிட்டர்தான்.

"அண்ணே, இந்தப் பக்கம் வந்தா ஒரு பல்பு எடுத்துட்டு வாங்க. உங்க செவப்பு லைட்டு ரோசாக் லா, கெட்டுப்போச்சு. மூடி தொறந்தாலும் எரிய மாட்டேங்குது."

"எப்பலேருந்து?"

"செவ்வாக்கிழமை மெஷின் நின்னுபோச்சு. ரீசெட் பண்ணி நம்பர் போட்டேன். இப்ப நல்லா ஓடுது லா. பல்பு மட்டும்தான்." வைத்துவிட்டார்.

கோளாறு பல்பில் இல்லை. எட்டு எண்களைத்தான் போட்டிருக்கிறார். கார்டுக்குரிய எண்கள் தாளில் இருந்தால்தானே போடுவார்? திரும்ப அழைத்தேன். ஆபீஸ் பெண் எடுத்து, அவர் மெஷின் பக்கம் போய்விட்டார், என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். மூடியை யாரும் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் எதிர் மேசையில் என் முதலாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், என் தப்பு அவர் காதில் விழுந்துவிடும். "ஒண்ணுமில்ல, வந்தா என்னைக் கூப்பிடச் சொல்லுங்க," என்று ரிசீவரை வைத்தேன். இதை எழுதுகிற இப்போதும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

பாலத்தில் போயிருக்கலாம். ஃபெர்ரிதான் சீக்கிரம் என்று எவன் சொன்னானோ, அங்கே ஓடினேன். கண்ணெதிரே ஒன்று புறப்பட்டுப் போனது. அடுத்தது வர, ஏறியவை இறங்க, நாங்கள் ஏற, மணி பதினொன்று ஐந்து. பன்னிரண்டுக்குச் சாப்பாட்டு மணி, அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அக்கா மூடியைத் திறப்பார். என் தலையில் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கடல் நகர்கிற மாதிரியே தெரியவில்லை. வண்டியை விட்டு இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன்.

"ஹெல்மெட்ட கழட்டுங்க தம்பி, தலைல மழையா பெய்யுது?" என்றார் பக்கத்து வண்டிக்காரர்.

"உங்க வேலைய பாருங்கண்ணே," என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். செவ்வாய் மதியம் ஒரு தரம், புதன் மதியம் ஒரு தரம் அக்கா கையை விட்டிருப்பார். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் ஃபிட்டர் பல்பா கேட்டிருப்பார்? இன்றும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சமும் நம்பவில்லை.

அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கியதும் ஒரு லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். தொழிற்சாலை வாசலில் காவலாளி பெயர் எழுதச் சொன்னதைக் காதில் வாங்காமல் வண்டியை உள்ளே விட்டேன். மெஷின் நின்றிருந்தது. மூடி திறந்திருந்தது. அக்காவின் வலது கை முழங்கை வரை ரோலர்களுக்கு நடுவே இருந்தது. அந்தப் பக்கம் மலாய்க்கார அம்மா பொத்தான் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன்.

"யாருப்பா அது ஆஃப் பண்ணது?" என்று அக்கா தலையைத் தூக்கினார்.

"கைய எடுங்கக்கா. மொதல்ல வெளிய எடுங்க."

என் முகத்தைப் பார்த்து எடுத்துவிட்டார். ஃபிட்டரும் ஓடிவந்தார். சுவிட்சைப் போட்டு இன்வெர்ட்டரில் தேடினேன். கார்டின் எண் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். இவர்தானே அழித்தார் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"தப்பு என்னுதுதான்க்கா. தாள்ல எழுதாம போயிட்டேன். செவ்வாக்கிழமைலேருந்து கார்டு வேலை செய்யல. மூடி தொறந்திருந்தாலும் மெஷின் ஓடும்."

அக்கா விரல்களில் ஒட்டிய மாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கிழமை மோதிர விரலு உள்ள சிக்கிக்கிச்சு. மெதுவாத்தான் எடுத்தேன். மெஷின்தான் ஓடாதேன்னு." பிறகு, "இப்ப மூடி தொறந்தே இருக்கட்டும். ஸ்டார்ட்ட அழுத்துங்க. நான் பாக்கணும்," என்றார்.

"வேணாம்க்கா. நம்பர போட்டுட்டு..."

"அழுத்துங்க தம்பி."

மலாய்க்கார அம்மா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். நானே போய் அழுத்தினேன். ரோலர்கள் சுற்றின. மேலே கிடந்த துடைக்கிற துணி சட்டென்று உள்ளே போய், அந்தப் பக்கம் தகடாக வந்து விழுந்தது. அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ரோலர்கள் சுற்றுவதைப் பார்த்தபடி நின்றார். போதும், நிறுத்து என்று அவர் சொல்லவே இல்லை.