பொட்டு வைத்த பேய்

இரண்டு வருடத்துக்கு முன்பு, நான் புதுக்கோட்டையில் விஸ்காம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் பாடத்தில் ஒரு வேலை உண்டு. ஏதாவது ஒரு ஜானரை எடுத்துக்கொண்டு, அந்த வகைப் படம் எப்படித் தொடங்குமோ அந்த முதல் மூன்று நிமிடத்தை மட்டும் நாமே எடுத்துக் காட்ட வேண்டும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அதைப் பார்த்து, அந்த ஜானரின் இலக்கணம் சரியாக வந்திருக்கிறதா என்று மார்க் போடுவார்.

நான் பேய்ப் படத்தைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஊர் ஜெகதாப்பட்டினம். அங்கே தெரிந்தவர் ஒருவருக்கு ஐஸ் பிளான்ட் இருக்கிறது. பட்டப்பகலில் போனாலும் உள்ளே இருட்டு. போதாக்குறைக்கு, ஐஸ் பாளங்களிலிருந்து பைசா செலவில்லாமல் புகை வேறு. பேய்க்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. என் அண்ணிக்கு முழங்கால் வரை முடி. கல்லூரித் தோழிகளின் தோள் வரைக்குமான முடியை விரித்துப் போட்டால் பேய் மாதிரியா இருக்கும்? ஷாம்பு விளம்பரம் மாதிரிதான் இருக்கும்.

கேட்டதும் அண்ணி சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். முடியை விரித்தார், கண்ணைச் சுற்றி மை அப்பிக்கொண்டார். ஆனால் நான் பையிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்து, “பொட்டையும் பூவையும் எடுத்துருங்க அண்ணி” என்றதும் முகம் மாறிவிட்டது.

“அது மட்டும் வேணாம் புள்ள. ஒங்க அண்ணன் கடலுக்குப் போயிருக்காக.”

“நடிப்புதானே அண்ணி, பத்து நிமிஷம்.”

“வெளையாட்டுக்குக்கூட வேணாம்.”

கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அண்ணி மசியவில்லை. வேறு ஆளுக்கு எங்கே போவது? கடைசியில் பச்சைச் சேலை கட்டி, நெற்றி நிறையப் பொட்டு வைத்து, தலையில் மல்லிகைப் பூவோடு ஒரு பேய் ஐஸ் பிளான்ட்டின் இருட்டுக்குள்ளிருந்து நடந்து வந்தது. கதவைத் திறந்து, கடல் இருக்கும் பக்கமாகப் பார்த்தது. அவ்வளவுதான் என் படம். எடிட் செய்யும்போது எனக்கே எரிச்சலாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் அண்ணன் போன படகு திரும்பி வரவில்லை. எல்லை தாண்டியதாகச் சொல்லி, அக்கரைக் கடற்படையினர் படகோடு எல்லோரையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் ஊருக்கு இது புதிதில்லை. ஆனால் நம் வீட்டுக்கு வரும்போது எல்லாமே புதிதுதான். அண்ணி அந்தப் படகில் போன மற்றவர்களின் வீட்டுப் பெண்களோடு சேர்ந்து மனுவும் கையுமாக அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். சாப்பாடு இறங்கவில்லை. அங்கே கோர்ட்டில் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போனது. கல்லூரியில் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

திரையிடும் நாளில் வீட்டு ஆட்களும் வரலாம் என்றார்கள். “நானும் வாரேன். வீட்ல இருந்தா போனையே பாத்துக்கிட்டு இருக்கேன்” என்று அண்ணி என்னோடு பஸ் ஏறிவிட்டார்.

என் படம் ஓடியது. ஆரம்பத்தில் ஹால் அமைதியாகத்தான் இருந்தது. பேயின் முகம் தெரிந்ததுதான் தாமதம், யாரோ ஒருவன் சத்தமாகச் சொன்னான், “டேய், பேய் கல்யாணத்துக்குக் கெளம்பிருச்சுடா!” ஹாலே குலுங்கிச் சிரித்தது. கடைசி வரிசையில் அண்ணி அதே பொட்டோடு உட்கார்ந்திருந்தார். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

விளக்கைப் போட்டதும் தேர்வாளர் கேட்டார். “பேய்க்கு எதுக்கும்மா பொட்டும் பூவும்? பாக்குறவங்களுக்குப் பயம் எப்படி வரும்?”

இப்படிக் கேட்டால், மரபை வேண்டுமென்றே உடைத்தேன் என்று சொல்லிவிடு எனத் தோழி ஒருத்தி சொல்லிக் கொடுத்திருந்தாள். அப்படியே ஒப்பித்தேன். “எதுக்காக உடைச்சீங்க?” என்றார். தோழி அதுவரைக்கும்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. அண்ணி எழுந்து நின்றிருந்தார்.

“சார், கோவிச்சுக்காதீங்க. பொட்ட அழிக்க மாட்டேன்னு நாந்தான் சொன்னேன். இவ அண்ணனுக்கு வாக்கப்பட்டவ நான். கடலுக்குப் போற வீடு சார். அதுக்காக இந்தப் புள்ளைக்கு மார்க்கக் கொறச்சிடாதீங்க.”

தேர்வாளரின் குரல் தணிந்தது. “இப்பவும் அவர் கடல்லதான் இருக்காரா அம்மா?”

“இல்லீங்க சார். அங்கிட்டுப் புடிச்சு வச்சிருக்காக. விட்ருவாகன்னு சொல்றாக.”

தேர்வாளர் படத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து கடலைப் பார்க்கும் இடம் வந்தபோது, அது பேய் என்பதே எனக்கு மறந்துவிட்டது. படத்தை எடுத்தவள் நான், எனக்கே அழுகை வந்துவிட்டது.

“பேய்ப் படத்துக்கான மார்க்க என்னால முழுசாப் போட முடியாதும்மா. பொய் சொல்லக் கூடாது” என்றார் அவர். “ஆனா இவங்க வெளிய பாக்குறாங்க பாருங்க, அதுக்கப்பறம் என்ன ஆச்சுன்னு தெரியாம என்னால எந்திரிக்க முடியல. ஒரு படத்தோட ஆரம்பம் அதைத்தான் செய்யணும்.”

சொன்னபடியே ஜானருக்கு மார்க்கைக் குறைத்தார். சாயங்காலம் வகுப்பில் பாதிப் பேர் எங்களை வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். கல்யாண ஜோக் அடித்தவனுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஒரு பை ஆரஞ்சுப் பழத்தை ஜன்னல் வழியாக அண்ணியின் மடியில் போட்டுவிட்டு ஓடிப் போனான். பல நாளுக்குப் பிறகு அண்ணி அன்றுதான் சிரித்தார்.

பஸ் நகர்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. என் பிடிவாதம் ஜெயித்து, அண்ணி அன்று பொட்டை அழித்திருந்தால்? அடுத்த வாரமே அண்ணன் பிடிபட்ட செய்தி வந்திருக்கிறது. நான்தான் காரணம் என்று அண்ணி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். ஆனால் ராத்திரி பகலாக அதையே நினைத்திருப்பார். பேய், சகுனம் எதையும் நம்பாத நானும் அதையேதான் நினைத்திருப்பேன்.

அண்ணன் ஒருவழியாக விடுதலையாகி, இளைத்துத் துரும்பாக வீடு வந்து சேர்ந்தார். நான் இப்போது கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறேன். யாராவது ‘இது மட்டும் வேண்டாம்’ என்றால் ஏன் என்று கேட்பதில்லை, கேமராவை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன். குறைந்துபோன அந்த மார்க்குக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை; அண்ணி அன்று எனக்காக விட்டுக்கொடுத்திருந்தால், அண்ணன் திரும்பி வந்த பிறகும் அவர்கள் இருவர் முகத்தையும் என்னால் நிமிர்ந்து பார்த்திருக்க முடியாது.