தண்ணி டேங்க் முனையில் கேட்ட சத்தம்

என் கணவருடைய பைக்கில் டேப்பட் லூசாகி ரொம்ப நாளாகியிருந்தது. டேப்பட் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. தாளித்து முடித்ததும் கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டுவோமே, அந்த மாதிரி ஒரு சத்தம் இன்ஜினுக்குள்ளிருந்து விடாமல் வரும், அவ்வளவுதான் தெரியும். சேக்காட்டில் எங்கள் தெருவுக்குத் திரும்புகிற தண்ணி டேங்க் முனையிலேயே அது கேட்டுவிடும். நான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருக்கும் மாமனார் எழுந்து போய் இரும்புக் கதவைத் திறந்து பிடித்துக்கொள்வார். சர்க்கரை வியாதியில் அவருக்குப் பார்வை பாதி போய்விட்டது. மகன் வருவதைக் காதால்தான் தெரிந்துகொள்வார்.

"சரி பண்ணக் கூடாதா, தெருவே திரும்பிப் பாக்குது" என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "பாக்கட்டுமே, நான் வர்றேன்னு தெரிய வேணாமா" என்று சிரிப்பார் கணவர். அப்படி ஒரு சோம்பேறி.

அவர் கடைசியாக வீட்டைவிட்டுப் போனது ஆட்டோவில். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார், செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு ஏறினார். பைக் போர்ட்டிகோவிலேயே நின்றது. சைரன் போடாத ஆம்புலன்ஸில் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

வண்டியை விற்றுவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு யாராவது ஒன்றைச் செய் என்றால் செய்ய வராது. வெள்ளானூரில் வீடு எழும்பாத மனைகளுக்கு நடுவே அண்ணனைப் பின்னால் உட்காரவைத்து கியர் போடக் கற்றுக்கொண்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு வேலை. பஸ்ஸில் நசுங்கிய காலம் போய் பைக்கில் போய்வர ஆரம்பித்தேன்.

முதல் நாள் சாயங்காலம் நான் தெருவுக்குள் திரும்பும்போதே கதவு திறந்திருந்தது. மாமனார் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாப்பா" என்றார். நான் உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவர் எனக்குப் பின்னால் இன்னொருவர் வரவேண்டியிருப்பதுபோல் தெருவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு கதவைச் சாத்தினார். மறுநாளும் அப்படித்தான். "வாப்பா" மட்டும் நின்றுவிட்டது. கதவு திறப்பது நிற்கவில்லை.

எனக்குக் கோபம் வரும். பெட்ரோல் போடுவது நான், மழையில் நனைந்து வருவது நான், கதவு மட்டும் வேறு ஆளுக்குத் திறக்கிறது. செத்துப்போனவருக்கு நான் டிரைவரா? பயமும் உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை. சி.டி.எச். ரோட்டில் ஹெல்மெட்டுக்குள் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே வரும்போது, வீட்டில் ஒருத்தி இந்நேரம் தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருப்பாள் என்று தோன்றும். அந்த ஒருத்தி நான்தானே. அப்படியானால் வண்டியில் வந்துகொண்டிருப்பது யார்?

வண்டி இழுவை குறைய ஆரம்பித்ததும் ஆவடி மெக்கானிக்கிடம் போனேன். ஸ்டார்ட் பண்ணியதுமே அவர் தலையை ஆட்டினார். "டேப்பட் அடிக்குதுக்கா. இப்டியே ஓட்டிகினு இருந்தா ஒரு நாள் நடு ரோட்ல உக்காந்துக்கும்."

"டைட் பண்ணிடுங்க" என்றேன். சொல்லும்போது எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

அன்று வண்டி பூனை மாதிரி வந்தது. கதவு சாத்தியே இருந்தது. நானே கொக்கியைத் தூக்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். மாமனார் சேரில் உட்கார்ந்து காதைத் தெருப்பக்கம் வைத்திருந்தார், அசையவில்லை. நான் முகம் கழுவி, டீ போட்டு, துணி மடித்து, சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தபோதும் அப்படியேதான் இருந்தார்.

"உள்ள வாங்க மாமா, கொசு கடிக்குது."

"இரும்மா. வண்டி இன்னும் வர்லியே."

"வந்தாச்சு மாமா. தோ நிக்குது பாருங்க."

தடவிக்கொண்டே போய் இன்ஜின்மேல் கையை வைத்தார். "சூடா கீது" என்றார். "எப்ப வந்துச்சு? எனக்குக் கேக்கவே இல்லியே."

மறுநாள் வண்டி வந்தாச்சு என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். சரி சரி என்றவர், இருட்டும்வரை சேரைவிட்டு எழவில்லை. அதற்கடுத்த நாளும் அதேதான். சத்தம் இருந்தவரை அவருடைய ஏமாற்றம் கதவைத் திறந்து மூடுகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். இப்போது சாயங்காலம் முழுக்க நீண்டது. மூடிய கதவுக்குப் பின்னால் அவர் அப்படி உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

திரும்ப மெக்கானிக்கிடமே போனேன். "பழையபடி லூஸ் பண்ணிக் குடுங்க."

"இன்னாக்கா சொல்றே? சத்தம் வர்துன்னுதான் எல்லாரும் வண்டிய எட்த்துகினு வர்வாங்கோ."

"எனக்குச் சத்தம் வேணும்."

என் முகத்தைப் பார்த்தார். "இன்ஜின் ஆறணும், குந்துக்கா" என்றார். ஆறியதும் மூடியைக் கழற்றித் திருகி, ஸ்டார்ட் பண்ணி, "இப்டியா?" என்றார். இல்லை என்றேன். இன்னும் கொஞ்சம் திருகினார். "இப்போ?" நான் கண்ணை மூடி, மனசுக்குள் எங்கள் அடுப்படியில் நின்று பார்த்தேன். ஜன்னல் வந்தது, தோசைக்கல் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. தினமும் கேட்ட சத்தம், எனக்கு மறந்துபோயிருந்தது.

"சரி, இப்படித்தான்" என்று பொய் சொன்னேன்.

தண்ணி டேங்க் முனையில் வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை முறுக்கினேன். சுவரெல்லாம் அதிர்ந்தது. வீட்டுக்கு முன்னால் வந்தபோது கதவு மூடியிருந்தது. கம்பி வழியே மாமனார் சேரிலிருந்து எழுவது தெரிந்தது. கதவுவரை வந்தார், கொக்கியில் கை வைத்தார், தலையைச் சாய்த்துக் கேட்டார். திறக்கவில்லை.

"யாரு?" என்றார்.

"நான்தான் மாமா."

"நீயா." கதவைத் திறந்தார். தெருவைப் பார்க்கவில்லை. அவருடைய கண்ணுக்கு எட்டிய அளவில் என் முகத்தைப் பார்த்தார். "வண்டி மாத்திட்டியாம்மா?"

"இல்ல மாமா, அதே வண்டிதான்."

தலையாட்டினார். நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நான் உள்ளே வந்ததும் கதவைச் சாத்திக் கொக்கி போட்டார். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, கதவு எனக்காகத் திறந்தது. இன்ஜினை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அந்தச் சத்தத்தில் அது என் கணவருடைய வண்டி இல்லைதான்.

மாமனார் பிளாஸ்டிக் சேரைத் தூக்கி, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே எடுத்துப் போனார். அதன்பிறகு அது வாசலுக்கு வரவில்லை.