பாலத்தடியில் தோண்டியவள்

யுத்த காலத்தில் நாங்கள் அரியலூர் ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் கணவர் ஸ்டேஷனில் தந்தி அடிக்கும் வேலையில் இருந்தார். பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த நான் கல்யாணத்துக்கு முன்பு ரயிலைப் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கம் ரயில் கிடையாது. பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால், கரியை எரித்து ஓட்டும் பஸ்ஸில்தான் புகுந்த வீட்டுக்கு வந்தேன். வழியில் ஒரு மேட்டில் ஏற முடியாமல் பஸ் நின்றுவிட, மாப்பிள்ளையும் இறங்கித் தள்ளினார்.

அரியலூரில் வந்து இறங்கியது முதல் நான் பார்த்ததெல்லாம் அவசரம். நேரம் காலம் இல்லாமல் பட்டாள வண்டிகள் போகும். பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று கேள்விப்பட்டு மூட்டை முடிச்சுகளோடு ஓடிவந்தவர்கள் எங்கள் ஸ்டேஷனில் இறங்குவார்கள். எந்த ஊருக்குப் போவது என்றே தெரியாமல் பிளாட்பாரத்தில் நிற்பவர்களும் உண்டு. ஸ்டேஷன் விளக்குகளுக்குக் கறுப்புக் காகிதம் சுற்றியிருந்தார்கள். வானத்தில் இரைச்சல் கேட்டால் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுவோம். என் கணவர் இரண்டு ஆள் வேலையை ஒருவராகச் செய்தார். சோறு தின்னும்போதும் அவருடைய இடது கை விரல் தட்டின் விளிம்பில் தந்தி அடித்துக்கொண்டிருக்கும். நான் ஏதாவது கேட்டால், "இப்ப நேரமில்ல" என்பார். பாதிச் சோற்றில் எழுந்து போவார்.

எனக்கோ சின்ன வயதிலிருந்தே கேள்வி கேட்கிற புத்தி. பிறந்த வீட்டில் என்னைக் 'கேள்விக்காரி' என்றே கூப்பிடுவார்கள். எங்கள் ஊருக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் ஓடையில் பெரிய மரம் ஒன்று அப்படியே கல்லாகிக் கிடக்கும். பட்டை, கணு எல்லாம் இருக்கும், தட்டினால் கல். மற்றவர்கள் அதன் மேல் ஏறி நடந்து போய்விடுவார்கள். நான் உட்கார்ந்துவிடுவேன். அது எப்படிக் கல்லாயிற்று என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் ஆட்டை விட்டுவிட்டு வந்து அடி வாங்கியதும் உண்டு.

குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரி, தண்டவாளத்தைப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஒருவரின் மனைவி. என்னைவிட மூத்தவள், அக்கா என்பேன். இருவரும் சேர்ந்துதான் ஓடைப் பக்கம் விறகு பொறுக்கப் போவோம். அப்படிப் போன ஒரு நாள் என் காலில் ஒரு கல் இடறியது. எடுத்துப் பார்த்தால், ஆட்டுக்கிடாயின் கொம்பு போலச் சுருண்டிருந்தது. வரி வரியாக, யாரோ செதுக்கியது போல. பக்கத்திலேயே சிப்பி ஒன்று. அதுவும் கல்தான்.

"கீழ போடு" என்றாள் அக்கா. "எந்தச் செத்த சாமானோ. இதையெல்லாம் வூட்டுக்குக் கொண்டு போவாத."

"சிப்பி கடல்லதான இருக்கும்? இங்க எப்படிக்கா வந்துச்சு?"

"எப்படியோ வந்துச்சு. வெறகப் பொறுக்கு."

நான் கீழே போடவில்லை. மடியில் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு மத்தியான வேளைகளில், வேலை முடிந்ததும், தனியாகவே ஓடைக்குப் போக ஆரம்பித்தேன். ஓடைக் கரையில் ஒரு குறிப்பிட்ட மண் வரியில்தான் சிப்பிகள் இருக்கின்றன என்பதைக் கவனித்தேன். மேலே செம்மண், அதற்குக் கீழே வெளுத்த மண், அதற்குள் சிப்பி. ஊரே ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அங்கே உட்கார்ந்து, இந்த இடத்தில் அலை அடித்திருக்குமா, அப்போது இங்கே யார் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் குண்டு பயம் என் நெஞ்சை விட்டு இறங்கியிருக்கும்.

அப்புறம்தான் வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லிப் போராடுகிறவர்கள் தண்டவாளத்தைப் பெயர்க்கிறார்கள், தந்திக் கம்பியை அறுக்கிறார்கள் என்ற செய்திகள் வர ஆரம்பித்தன. எங்கெங்கோ நடந்ததுதான். ஆனாலும் எங்கள் ஊரில் எல்லோர் முகமும் மாறிவிட்டது. லைனை ஒட்டிய கிராமங்களுக்கெல்லாம் காவல் போட்டார்கள். ஊர்க்காரர்களே தடியோடு லைனைச் சுற்ற வேண்டும். யாருடைய எல்லையில் சேதம் நடந்தாலும் அந்த ஊரே பதில் சொல்ல வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள்.

"லைன் பக்கம் தலை காட்டாத" என்றார் என் கணவர். "ஸ்டேஷன்காரன் வூட்டுப் பொம்பளன்னா இன்னும் கஷ்டம். என்னைய இல்ல மொதல்ல புடிப்பான்."

நான் லைனுக்குப் போகவில்லை, ஓடைக்குத்தான் போனேன். மழை பெய்து ஓய்ந்த ஒரு மத்தியானம், கரை புதிதாக அரித்திருந்தது. வெளுத்த மண் வரியைப் பிடித்துக்கொண்டே ஓடைக்குள் நடந்தேன். இரண்டு பக்கமும் கரை உயர்ந்துகொண்டே வந்தது. ஓர் இடத்தில், வண்டிச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடம் அளவுக்கு ஒரு சுருள் கல் பாதி வெளியே தெரிந்தது. அவ்வளவு பெரிதை நான் அதுவரை பார்த்ததில்லை. கையோடு கொண்டுபோயிருந்த தோசைத்திருப்பியால் சுற்றியிருந்த மண்ணைச் சுரண்டினேன். நிழல் குளிர்ச்சியாக இருந்தது. எதன் நிழல் என்று நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

"யாரது? கையில என்ன?"

திடுக்கிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். என் தலைக்கு மேலே ரயில் பாலம். நான் அதன் கல்தூணை ஒட்டி, கையில் இரும்போடு, மண்ணைத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கரைமேல் ஒரு விவசாயி தடியை ஓங்கிக்கொண்டு நின்றான். காவலுக்குப் போட்ட ஆள்.

"கல்லு பொறுக்குனேங்க" என்றேன்.

"பாலத்துக்கு அடியிலயா?" அவன் தடியை இறக்கினான். "அம்மா, எனக்கு ஒங்க மேல ஒண்ணும் கோவமில்ல. நான் விட்டுட்டு, நாளைக்கு ஏதாச்சும் ஆயிடுச்சின்னா எங்க ஊரையே கட்டிப் போட்டுடுவாங்க. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு. வந்துடுங்க."

கற்களைப் போட்டு வைத்திருந்த சாக்கை அவன் தோளில் தூக்கிக்கொண்டான். தோசைத்திருப்பியை ஒரு பாம்பைப் பிடிப்பது போல நுனியில் பிடித்துக்கொண்டான். நான் முன்னால் நடந்தேன். கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். என்னைத் தெரிந்தவர்கள் கடை வாசலில் நின்றார்கள். ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் அவர்களுக்கும் சம்பந்தம் வந்துவிடும் என்ற பயம். அக்கா எதிரே வந்தாள். என்னைப் பார்த்ததும் முக்காடு போட்டுக்கொண்டு சந்துக்குள் திரும்பிவிட்டாள். பொம்பளைகளைக் கொண்டுபோய் என்ன செய்வார்கள் என்று அரசல்புரசலாகக் கேட்டிருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் என்னை ஓர் ஓரமாக நிறுத்தினார்கள். உள்ளே கம்பிக்குப் பின்னால் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர். அவரும் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும் போல, கண் சிவந்திருந்தது. காவல்காரன் சொன்னதைக் கேட்டுவிட்டு, சாக்கை மேஜைமேல் கொட்டச் சொன்னார்.

"வீட்டுக்காரரு எங்க?"

"ரயில் ஸ்டேஷன்ல தந்தி வேலைங்க."

அவர் முகம் அப்போதுதான் இறுகியது. ஆள் அனுப்பினார்.

என் கணவர் வர வெகு நேரமாயிற்று. பட்டாள வண்டி ஒன்று லைனில் இருந்ததால் தந்தியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை என்று பிறகு தெரிந்தது. அந்த நேரம் முழுக்க நான் சுவரைப் பார்த்து நின்றேன். வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்கவும் பயம். கடைசியில் அவர் வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"இவங்க யாருன்னு தெரியுதா?"

அவர் என்னைப் பார்த்தார். உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். ஆனால் அந்த மூச்சு நேரத்தில் நான் இந்த உலகத்தில் யாருக்கும் எதுவும் இல்லாதவளாக நின்றேன்.

"என் சம்சாரம்தான் சார்" என்றார்.

சப் இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "பாலத்தத் தோண்டச் சொன்னது யாரு? ஸ்டேஷன்ல யார் யாரு இதுல இருக்காங்க?"

"யாரும் சொல்லலைங்க. கடல் இருந்துச்சான்னு பாத்தேங்க."

"என்னது?"

"இந்த ஊர்ல முன்னாடி கடல் இருந்துச்சான்னு."

ஒரு கான்ஸ்டபிள் சிரித்துவிட்டான். சப் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "பைத்தியம் மாதிரி பேசினா விட்டுடுவோம்னு நெனைக்காத" என்றார். எழுந்து என் எதிரே வந்து நின்றார். "மரியாதையா சொல்லிடு. இல்லன்னா திருச்சிக்கு அனுப்பிடுவேன். அங்க பேச வைக்கிற விதமே வேற."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்தத் தண்ணீர் ஊடாகத் தரையைப் பார்த்தேன். பெரிய பெரிய கல் பாவிய தரை. நடந்து நடந்து வழவழப்பாகியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தபோது, அவருடைய பூட்ஸ் நுனிக்கு அருகில் விசிறி போல ஒரு வடிவம் தெரிந்தது. பயத்தில் உயிர் போய்க்கொண்டிருந்தபோதும் என் கண் அதன் பழக்கத்தை விடவில்லை. என்னை அறியாமல் வாய் திறந்தது.

"உங்க காலுக்குக் கீழயே ஒண்ணு இருக்குதுங்க."

அவர் துள்ளிப் பின்னால் போனார். நாற்காலி சரிந்து விழுந்தது. கான்ஸ்டபிள்கள் வாசலுக்கு ஓடினார்கள். என் கணவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். குண்டு வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நான் சொன்னது எனக்கே அப்போதுதான் உறைத்தது. இனி அடிதான் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"சிப்பி" என்றேன். "சிப்பிங்க. கல்லுல. சிப்பியத்தான் சொன்னேன்."

கண்ணைத் திறந்தபோது அவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்டியிட்டு, விரலால் அந்த விசிறி வரிகளைத் தடவினார். மேஜையிலிருந்து என் சிப்பிக்கல் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அடுத்த பலகைக் கல்லில் இன்னொன்று இருந்தது. அதையும் அவரே கண்டுபிடித்தார். கான்ஸ்டபிள்களும் மெல்ல வந்து குனிந்தார்கள். தினமும் மிதித்து நடந்த தரைதான்.

"இது எங்கேருந்து வந்த கல்லு?" என்று ஒருவனைக் கேட்டார்.

"இங்க பக்கத்துல வெட்டினதுதாங்க. கோயில், வூடு எல்லாத்துக்கும் இதான்."

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கோபம் போகவில்லை; ஆனால் அந்தக் கேள்வி அவருக்குள்ளும் இறங்கியிருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு வெளியே ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. பழைய முகம் திரும்பிவிட்டது.

"கூட்டிட்டுப் போங்க" என்றார் என் கணவரிடம். "இன்னொரு தரம் ஓடையில பாத்தாங்கன்னா சுட்டுடுவாங்க. என்னால தடுக்க முடியாது."

அவர் சொன்னது மிரட்டல் இல்லை. அப்படித்தான் காலம் இருந்தது. ஓடிக்கொண்டிருப்பவர்களை அன்று யாரும் சந்தேகப்படவில்லை. ஓர் இடத்தில் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்மேல்தான் எல்லோருக்கும் பயம்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் பரண்மேல் நான் சேர்த்து வைத்திருந்த கற்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டார். நான் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே கதவைத் தாழிட்டுக்கொள்வேன். அக்கா கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. யுத்தம் முடிந்து, எங்களுக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. அந்த நாளைப் பற்றி நானும் என் கணவரும் பேசிக்கொண்டதே இல்லை.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் அவருக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் எழுந்து நடக்கத் தெம்பில்லை. கல்யாணமானதிலிருந்து அவர் சும்மா படுத்திருந்து நான் பார்த்தது அப்போதுதான். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு போலீஸ் ஸ்டேஷன்ல, ஒன்ன யாருன்னு கேட்டப்ப, கொஞ்சம் தயங்கிட்டேன்" என்றார்.

"ஆமா."

"கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

அவர் கஞ்சியைக் குடித்து முடித்தார். நான் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தேன். அதைச் சொல்ல அவருக்கு இத்தனை வருஷமும் ஒரு காய்ச்சலும் வேண்டியிருந்தது. அது எனக்குப் போதுமானதாக இருந்ததா என்று கேட்டால், பாதி இருந்தது.

"அந்தச் சிப்பியெல்லாம் எப்படித்தான் கல்லாச்சாம்?" என்று கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்.

"தெரியாதுங்க."

"தெரியாமயா அவ்வளவு நேரம் உக்காந்து கெடந்த?"

"தெரிஞ்சிருந்தா எந்திரிச்சிப் போயிருப்பேனே."

அவர் சிரிக்கப் போய் இருமினார். மறுநாள் நான் சமையலறையில் இருந்தபோது கூப்பிட்டார். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடிப் போனேன். அவர் ஒருக்களித்துப் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எறும்புகள் மேலே போய்க்கொண்டிருந்தன.

"எதுத்தாப்புல வர்ற ஒவ்வொண்ணுகிட்டயும் நின்னு நின்னு போவுது பாரு" என்றார். "என்ன கேக்குது?"

எனக்கும் தெரியவில்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.