இரும்புப் பம்பியும் எங்கள் குடிபூரலும்

டென்மார்க்கில் எங்கள் ஹோர்சன்ஸ் நகருக்கு வந்தால், பழைய கடைத்தெருவில் நிற்கும் இரும்புக் கைப்பம்பியைக் கட்டாயம் பாருங்கள். லண்டனில் விக்டோரியா மகாராணி இருந்த காலத்தில் வார்த்தது. ஆளுயரம், பச்சை நிறம், தண்ணீர் வரும் இடத்தில் சிங்கத்தின் வாய். என் மானம் கப்பலேறிய இடமும் அதுதான்.

நாங்கள் வீடு வாங்கிக் குடிபுகுந்த காலை, ஐயர் வந்ததும் வராததுமாகத் தன் பையைக் கிண்டினார். பிறகு கேட்டார்: "கும்பத்துக்குக் கிணத்துத் தண்ணி எங்கை?"

"டென்மார்க்கில கிணத்துக்கு எங்கை ஐயா போறது?"

"குழாய்த் தண்ணி சரிவராது பிள்ளை. எட்டு மணிக்கு முன்னம் பால் காய்ச்ச வேணும். விட்டால் அடுத்த மாசம்தான் நாள்."

வாடகை வீட்டைப் பூட்டி, திறப்பை அன்று பின்னேரமே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பால் காய்ச்சாத வீட்டில் நான் படுக்க மாட்டேன். ஒரு மாதம் காருக்குள்ளா படுப்பது?

என் கணவர் துள்ளினார். "இஞ்சேரும், கடைத்தெருவில பம்பி நிக்குதெல்லே! நிலத்துக்குக் கீழ இருந்து இழுக்கிற தண்ணி. அதுவும் கிணறுதானே!"

"ஓம் ஓம், போயிட்டு வாங்கோ," என்றார் ஐயர்.

கூறைச்சேலையில் நான், வேட்டிக்கு மேல் குளிர்கோட்டோடு என் கணவர், கையில் செப்புக்குடம். பம்பியின் பிடியைப் பிடித்து அடித்தார், அடித்தார். ஒரு சொட்டு வரவில்லை. "மேலாலை தண்ணி விட்டு அடிச்சால் பிடிக்கும். எனக்குத் தெரியாத பம்பியே?" என்று காரில் கிடந்த போத்தல் தண்ணீரை ஊற்றினார். அது அவர் சப்பாத்துக்குள் போனது. பிடி போட்ட சத்தத்தில் மேல்மாடி ஜன்னல்கள் திறந்தன.

நாயோடு வந்த ஒரு டேனிஷ் அம்மா நின்று பார்த்தார். பிடி சும்மா அழகுக்கு, பின்னால் இருக்கிற பொத்தானை அமத்துங்கள் என்றார். வருவது நகரசபைத் தண்ணீர், வீட்டுக் குழாயில் வருவதேதானாம்.

சனியன் பிடித்த பம்பி! எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயரிட்டை மூச்சு விடக்கூடாது," என்று இவரை வெருட்டிக் குடத்தை நிரப்பினேன்.

வீட்டில் ஐயர் அந்தத் தண்ணீரைக் கும்பத்தில் விட்டு, கங்கை, யமுனை, காவேரி என்று ஒவ்வொரு நதியாக அதற்குள் அழைத்தார். என் கணவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா, இவ்வளவு பேரும் வருவினம் எண்டால், குசினிக் குழாய்த் தண்ணிக்கும் வருவினம்தானே?"

நான் இவர் காலை மிதித்தேன். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"வருவினம்தான்," என்றார். "நான் பூசை மணியை என்ரை வீட்டில விட்டிட்டு வந்திட்டன். ஓடிப்போய் எடுத்து வருமட்டும் உங்களை எங்கையாவது அனுப்ப வேண்டாமோ? பாலை வையும் பிள்ளை, நேரம் போகுது."