சைரன் போடாமல் போன வண்டி

அந்தத் தொலைபேசியின் கறுப்பு நிறமும் கைப்பிடியில் இருந்த வெடிப்பும் இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன. போர்க்காலத்தில் கொழும்பின் ஒரு தீயணைப்பு நிலையத்தில் அழைப்புகளை எடுத்து எழுதுவது என் வேலை. நிலைய அதிகாரி கொச்சிக்கடைக்காரர். நாங்கள் எல்லாரும் அவரைச் 'சேர்' என்போம். அவருக்கு நான் 'தங்கச்சி'.

ஒருமுறை கிராண்ட்பாஸில் ஒரு வீட்டில் புகை என்று அழைப்பு வந்தது. வண்டி அலறிக்கொண்டு போனது. வழிவிட ஒதுங்கிய முச்சக்கரவண்டி வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் சரிந்து, அதிலிருந்த பெண்ணின் கை முறிந்தது. போய்ப் பார்த்தால், அடுப்பில் பருப்புச் சட்டி கருகியிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் சேர் தோடம்பழப் பையோடு போய்வந்தார். அதன்பிறகு ஒவ்வொரு அழைப்புக்கும் என்னிடம், "நெருப்பா, புகையா? உள்ளுக்கா, வெளியிலா? ஆக்கள் இருக்கினமா?" என்று கேட்காமல் வண்டியில் ஏறமாட்டார். உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தால் விளக்கும் இல்லை, சைரனும் இல்லை.

அதை நான் நியாயம் என்றே நினைத்திருந்தேன், ஒரு காலை கொட்டாஞ்சேனைப் பாடசாலை ஒன்றிலிருந்து அழைப்பு வரும்வரை. பின்மதிலோரம் குப்பை பற்றி எரிகிறது, புகை வகுப்புப் பக்கம் வருகிறது என்றார் பாடசாலை அதிபர். என் மகள் அங்கேதான் மூன்றாம் வகுப்பு படித்தாள்.

சேர் தொலைபேசியை வாங்கி, பிள்ளைகளை உடற்பயிற்சிக்குப் போவதுபோல் முன்மைதானத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். பிறகு சாரதியிடம், "சைரன் வேண்டாம்" என்றார்.

"சேர், என்ட பிள்ளை அங்க!" என்று கத்திவிட்டேன்.

"தெரியும் தங்கச்சி. போன கிழமைதான் குண்டு வெடிச்சது. இப்ப சைரன் கேட்டா ஒழுங்கையில இருக்கிற தாய்மார் எல்லாம் ஸ்கூலின்ட அந்த ஒரு கேற்றுக்குத்தான் ஓடிவருவினம். பிள்ளைகள் நசுங்கிப்போகும். நெருப்பு கட்டடத்துக்குள்ள போனதெண்டு ஃபோன் கோல் வந்தா உடன ரேடியோவில சொல்லுங்கோ, போடுறன்."

வண்டி சத்தமில்லாமல் வெளியேறியது. வாழ்நாளில் யாரையும் அப்படி வெறுத்ததில்லை. தொலைபேசி மணி அடித்துவிடக்கூடாது என்று கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். அது அடிக்கவில்லை. கடைசியில் ரேடியோவில் அவர் குரல்தான் வந்தது: "அணைச்சாச்சு. பிள்ளைகள் கையை மேல தூக்கிக் கீழ இறக்கிக்கொண்டு நிக்குதுகள். உங்கட மகளும்தான். ரெட்டைப் பின்னல், சரிதானே?"

மேசையில் முகத்தை வைத்து அழுதேன்.

மாலை வீட்டுக்குப் போனபோது மகள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள். "அம்மா, இண்டைக்கு ஸ்கூலுக்கு ஃபயர் எஞ்சின் வந்தது. ஆனா சத்தமே போடயில்லை. உங்கட ஒஃபிஸ் வண்டி பழுதா?"

மறுநாள் அதைச் சேரிடம் சொன்னேன். தேநீர் சட்டையில் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்தது. "எடுங்கோ தங்கச்சி" என்றார், இன்னும் சிரித்துக்கொண்டே.