பூசாரி கேட்டதும் நான் சொன்னதும்

ஐந்து வயதுவரை நான் பேசவில்லை. பேச ஆரம்பித்த அன்று நான் சொன்ன முதல் வாக்கியம், "வானம் மேகமூட்டத்துடன் காணப்படும்" என்பது. அம்மா அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாளாம். அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, யார் பேசியது என்று தேடியிருக்கிறாள். வாசலில் என்னைத் தவிர யாரும் இல்லை. அதுவரை அம்மா என்றுகூட ஒரு முறை கூப்பிட்டிராத குழந்தை, செய்தி வாசிக்கிறவரின் குரலில் அப்படிச் சொன்னதைக் கேட்டு, சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்ததாம். பல வருடம் கழித்து அவளே சொன்னது இது.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். அப்பா தக்காளி போட்டார், கொஞ்சம் கரும்பும் போட்டார். தோட்டத்து வேலை நடக்கும்போது வரப்பில் ஒரு டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டே இருக்கும். மற்ற குழந்தைகள் வீட்டிலிருந்து பேச்சைக் கற்றுக்கொண்டார்கள். நான் அந்தப் பெட்டியிடமிருந்து கற்றுக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். பாதிச் சொல்லை விழுங்கிவிடுவார்கள். பேசுகிறவர்களின் முகம் வேறு அசைந்துகொண்டே இருக்கும். எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியாது. ரேடியோவில் ஒருவர் பேசி முடித்த பிறகுதான் இன்னொருவர் பேசுவார். சொற்கள் முழுதாக வரும். முகம் கிடையாது.

அதனால் என் வாயில் அந்தத் தமிழ்தான் வந்தது. "சோறு போடட்டா?" என்று அம்மா கேட்டால், "எனக்கு இப்போது பசியில்லை, நீங்கள் உண்ணுங்கள்" என்பேன். அம்மாவையே நீங்கள் என்றுதான் சொன்னேன்.

"நீ, வா, போன்னு சொல்லுடி. நான் என்ன உனக்கு டீச்சரா?" என்று அவள் கெஞ்சியதுண்டு. எனக்கு அது வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் என் பெயரை யாரும் சொல்லவில்லை. "ஏய் ரேடியோ" என்றுதான் கூப்பிட்டார்கள். நான் பதில் சொன்னால் ஒரு கூட்டமே சிரிக்கும். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. மாற்றிக்கொள்ளத்தான் வழி தெரியவில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு முடிவு செய்தேன். கரும்புக் கொல்லைக்குள் போய் நின்று, மற்றவர்களைப் போலப் பேசிப் பழகினேன். "வூட்டுக்குப் போறேன். வூட்டுக்குப் போறேன்டி." அந்த 'டி'யை எந்த இடத்தில் எவ்வளவு அழுத்துவது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. பல நாள் பழகிய பிறகு, பள்ளி விடும் நேரத்தில் என் பக்கத்துப் பெண்ணிடம் அதைச் சொன்னேன்.

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "இங்க பாருங்கடி, ரேடியோ நம்மள மாதிரியே நடிக்குது" என்றாள். அன்றைக்குப் போல அவர்கள் என்றும் சிரித்ததில்லை. அதன் பிறகு நான் பேச்சையே குறைத்துக்கொண்டேன்.

பேச்சைவிடப் பெரிய துன்பம் சத்தம். தக்காளி ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போகிற அப்பா ஒருமுறை என்னையும் கூட்டிப் போனார். லாரி ஹாரன், ஏலம் கூவுகிறவர்களின் குரல், கூடைகளைத் தரையில் வீசுகிற ஓசை, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் தலைக்குள் இறங்கின. நான் காதைப் பொத்திக்கொண்டு டிராக்டருக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டேன். அப்பா என்னை இழுத்து வெளியே எடுத்தார். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வெகுநாள்வரை அவர் என்னை எங்கும் கூட்டிப் போகவில்லை. புதுத்துணியின் விறைப்பு என் தோலில் முள்ளாகக் குத்தும். குழம்பு பட்ட சோறு தொண்டையில் இறங்காது. யாராவது ஆசையாகக் கன்னத்தைத் தொட்டால்கூட அந்த இடம் வெகுநேரம் எரிந்துகொண்டிருக்கும். இதெல்லாம் பிடிவாதம், செல்லம், திமிர் என்று அவரவர் ஒரு பெயர் வைத்தார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது கம்பைநல்லூரில் அத்தை மகளுக்குக் கல்யாணம் நடந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. அத்தை அப்பாவின் தங்கை. அவள் வீட்டுக்கு எதிரே ஒரு புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர்களை வீட்டைப் பார்க்கும்படி கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து பாட்டு. நான் சாமான் அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, மூட்டையில் ஒரு காதை அழுத்தி, மறு காதைக் கையால் மூடிக்கொண்டிருந்தேன். அப்படியே இருந்திருந்தால் அந்த நாளை எப்படியோ தள்ளியிருப்பேன்.

அத்தை வந்து பார்த்துவிட்டாள். "வயசுக்கு வந்த புள்ள இப்படியா பதுங்கிக்கும்? வந்து ஆரத்தித் தட்டைப் புடி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குகிற நேரம். நாதசுரமும் தவிலும் என் முகத்துக்கு எதிரே வந்து நின்றன. மேலே ஸ்பீக்கர். பின்னாலிருந்து பெண்கள் தள்ளினார்கள். யாரோ என் தோளில் கை வைத்தார்கள்.

அதற்கப்புறம் நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. தட்டு கீழே விழுந்தது. நான் கத்தினேன். சுவரில் தலையை மோதினேன். என் கையை நானே கடித்துக்கொண்டிருந்தேன். அந்த வலி ஒன்றுதான் எனக்குப் புரிகிற வலியாக இருந்தது. பிறகு ஒரு அறை, மூடிய கதவு, என்மேல் குனிந்த முகங்கள்.

"அண்ணே, இது சாதாரணக் கோளாறு இல்ல" என்று அத்தை அப்பாவிடம் சொன்னாள். "தனியா கரும்புக் கொல்லைக்குள்ள போயி பேசிக்கிட்டு நிக்கிறாளாமே. என்னமோ புடிச்சிருக்குது. அரூர் பக்கம் மலையடிவாரத்துல ஒரு கோயில் இருக்குது. கல்யாணம் முடிஞ்ச மறுநாளே போயிடலாம்."

அப்பா சரி என்று தலையாட்டினார். அம்மா என் கையில் பல் பட்ட இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் போனோம். சின்னக் கோயில்தான். எதிரே வேப்பமரத்தடியில் தண்ணீர் தெளித்து என்னை உட்காரவைத்தார்கள். தலைமுடியை அவிழ்த்து விட்டார்கள். எங்களைத் தவிரவும் நிறையப் பேர் வந்திருந்தார்கள்; எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பூசாரி நடுத்தர வயதுக்காரர். என் எதிரில் குந்தி, உடுக்கையை என் காதுக்குப் பக்கத்தில் வைத்து அடிக்க ஆரம்பித்தார்.

நான் கத்தினேன். கத்தக் கத்த, உள்ளே இருப்பது ஆடத் தொடங்கிவிட்டது என்று நினைத்து அவர் இன்னும் வேகமாக அடித்தார்.

"யாரு நீ? சொல்லு! யாரு?"

"நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி" என்றேன்.

சுற்றியிருந்தவர்கள் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. "படிச்ச பொம்பளையோட ஆவி போல" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"எங்கேருந்து வந்தே?"

"பாலக்கோட்டிலிருந்து பேருந்தில் வந்தோம்."

"எதுக்கு வந்தே?"

"திருமணத்திற்காக வந்தோம். பிறகு இங்கே அழைத்து வந்தார்கள்."

"உனக்கு என்னா வோணும்? கேளு, தர்றேன். வாங்கிக்கிட்டுப் போயிடணும்."

"உடுக்கையை நிறுத்துங்கள். நிறுத்தினால் போய்விடுகிறேன்."

"போறேன்னு சொல்லிருச்சு!" என்று அத்தை கூவினாள். கூட்டத்தில் ஒருத்தி குலவை போட்டாள். பூசாரி வேப்பிலைக் கொத்தை எடுத்து என் தோளில் அடித்தார். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான் உண்மையைத்தான் சொன்னேன். சொன்ன விதம்தான் என்னை மாட்டிவிட்டது.

அப்போது அம்மா எழுந்தாள். கூட்டத்தில் அதிர்ந்து பேசாதவள் அவள். அப்பா இருக்கும் இடத்தில் தலைநிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை. நேராக வந்து எனக்கும் பூசாரிக்கும் நடுவில் நின்றாள்.

"நிறுத்துங்க சாமி" என்றாள். "இது எம்பொண்ணோட குரலுங்க. வாயத் தொறந்த நாள்லருந்து இப்படித்தான் பேசறா. வேற எவளும் இவளுக்குள்ள வந்து பேசலீங்க."

"அண்ணி, நடுவுல எந்திரிச்சா சாமிகுத்தம் ஆயிரும்" என்றாள் அத்தை.

"ஆவட்டும். எம்மேல வரட்டும்."

உடுக்கை நின்றது. பூசாரி சற்று நேரம் அம்மாவைப் பார்த்தார். கோபப்படவில்லை. "பெத்தவளே இது எம்பொண்ணுன்னு சொல்லிட்டா, நான் எதைம்மா ஓட்டறது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில், "பாப்பா, உனக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

"காது வலிக்கிறது" என்றேன்.

அவர் உடுக்கையை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்தார். திருநீற்றை என் நெற்றியில் பூசக் கை நீட்டினார். நான் பின்னால் நகர்ந்ததைப் பார்த்துவிட்டு, அதை அம்மாவின் கையில் கொட்டினார். "நீயே வெச்சு வுடும்மா" என்றார்.

அப்பாவும் அத்தையும் கம்பைநல்லூருக்குத் திரும்பினார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினாள். சன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தாள். வெகுதூரம் வந்த பிறகு கேட்டாள்:

"சத்தம் வலிக்குமா?"

"வலிக்கும்."

"எப்படி வலிக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். "சோற்றில் கல் கடிபட்டால் உடம்பெல்லாம் கூசுகிறதல்லவா? அது நிற்காமல் தொடர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி."

"ஏன்டி இத்தனை நாளா சொல்லல?"

"எல்லோருக்கும் அப்படித்தான் வலிக்கிறது என்று நினைத்தேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், எனக்குத்தான் பொறுமை இல்லை என்று நினைத்தேன்."

அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டேன். தூசி என்றாள். நான் அதை நம்பினேன். எழுந்து சன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அப்பா அம்மாவோடு நெடுநாள் பேசவில்லை; எதுவானாலும் என் தம்பியிடம் சொல்லி அனுப்பினார். தங்கை முன்னால் தன் மானத்தை வாங்கிவிட்டாள் என்ற கோபம். அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதையே விட்டாள். என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. எனக்கு மாப்பிள்ளை கேட்டு யாரும் வரவில்லை. அம்மா அதற்காக வருத்தப்பட்டாள், நான் படவில்லை.

ஆனால் அம்மா என்னைப் பார்க்கிற விதம் மாறிவிட்டது. சோற்றையும் குழம்பையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்தாள். எனக்கு எடுத்த துணியை முதலில் தன் தலையணையில் சுற்றிப் படுத்து, பல தடவை துவைத்து, மிருதுவான பிறகுதான் பாவாடையாகத் தைத்துக் கொடுத்தாள். கல்யாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் தனியாகப் போய்வந்தாள். "பொண்ணு எங்க?" என்று கேட்பவர்களிடம், "அவளுக்குச் சத்தம் ஆவாதுங்க" என்பாள். இன்னொருவர், எனக்குச் சர்க்கரை இருக்கிறது, இனிப்பு ஆகாது என்று சொல்வதைப் போல, அவ்வளவு இயல்பாகச் சொல்வாள். அவளுக்கு என்னைப் புரிந்ததா என்று கேட்டால், முழுக்கப் புரிந்திருக்காது. புரிகிறவரை காத்திருக்க வேண்டும் என்றும் அவள் நினைக்கவில்லை.

பன்னிரண்டாவது முடித்த பிறகு தருமபுரியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. இயந்திரச் சத்தம் உண்டு. ஆனால் அது எப்போது வரும், எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்த சத்தம் அவ்வளவு வலிக்காது. என் தமிழைக் கேட்டு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

அம்மா இறந்தபோது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. எங்கள் பக்கம் சாவுக்கு மேளம் இல்லாமல் இருக்காது. அதுவும் பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவிட்டுப் போகிறவளுக்கு. ஆனால் மேளக்காரர்கள் யாரும் வரவில்லை. உறவுக்காரர்கள் தம்பியைத் திட்டினார்கள்.

"அம்மாதான் வேண்டாம்னு சொன்னாங்க" என்றான் அவன். "மேளம் அடிச்சா அக்காவால வூட்டுக்குள்ளயே நிக்க முடியாது. அவ எம்பக்கத்துல உக்காரணும்னு சொன்னாங்க."

அன்று முழுவதும் நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டிசம் என்ற சொல் அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான் என்னிடம் வந்தது. தம்பியின் பையன் பேசவில்லை என்று சேலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவன் என் பக்கத்தில் மட்டும்தான் அமைதியாக உட்காருவான் என்பதால் நானும் போனேன். அந்த டாக்டரம்மா அவனைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு, தம்பி மனைவி பதில் சொல்லத் தயங்கிய இடங்களில் நான் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க சொல்றது எல்லாம் இந்தக் குழந்தையைப் பத்தியா, உங்களைப் பத்தியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சில வாரம் கழித்து நான் மட்டும் தனியாகப் போய் அவரைப் பார்த்தேன். அவர் விளக்கியதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த வேப்பமரத்தடியில் முடியை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த பெண் மட்டும் திரும்பத் திரும்பக் கண்முன் வந்தாள். யாராவது அவளிடம் போய் இதைச் சொல்ல முடிந்தால் எப்படி இருக்கும் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

"நீ இப்படித்தான்னு எங்களுக்குத் தெரிஞ்சதுதானேக்கா. பேருதான் இப்ப வந்திருக்குது."

"உங்களுக்குத் தெரியும்" என்றேன். "எனக்குத்தான் தெரியாமல் இருந்தது."

அவன் எழுந்து உள்ளே போய், பையனைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனான்.